'இயல்பான மழை' என்று சொன்ன வருடத்தில் உளுந்து போனது ஏன்? மாதச் சராசரியை எப்படிப் படிப்பது?

விளாத்திகுளம்_கரிசல்:

எல்லோருக்கும் வணக்கம். விளாத்திகுளத்துக்கு வடக்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் கரிசல் இருக்கிறது. முழுக்க மானாவாரி. போர் போட்டுப் பார்த்தோம், உப்புத் தண்ணீர்தான் வந்தது. ஒன்பது வருடம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு 2021-ல் ஊருக்குத் திரும்பி, அப்பாவோடு சேர்ந்து வெள்ளாமை பார்க்கிறேன்.

என் சந்தேகம் 2023-ல் ஆரம்பித்தது. அந்த வருடம் புரட்டாசிக் கடைசியில் ஒரு நல்ல மழை கிடைத்தது. அதை நம்பி மூன்று ஏக்கரில் உளுந்து விதைத்தோம். முளைப்பு நன்றாகவே இருந்தது. அப்புறம் ஐப்பசி முழுக்க வானம் கறுக்கும், நாலு தூறல் போடும், கலைந்துவிடும். பூவெடுக்கிற சமயத்தில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. கார்த்திகையில் கொஞ்சம் பெய்ததால் மிச்சச் செடி தேறிக் காய் பிடித்தது. பறிக்க ஒரு வாரம் இருக்கும்போது மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, அந்த மழை வந்தது. மூன்று நாள் காட்டுப் பக்கம் போக முடியவில்லை. போய் ஒரு காயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே இருந்த ஆறு மணியிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வருடக் கடைசியில் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியான 44 செ.மீ.க்கு 46 செ.மீ. பெய்திருக்கிறதாம், 4 சதவீதம் கூடுதல், ஆகவே 'இயல்பு'. காய்ந்ததும் நான்தான், அழுகியதும் நான்தான். இதில் இயல்பு எங்கே இருந்தது?

புரட்டாசியில் விதைப்பதா, ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டு விதைப்பதா என்று ஒவ்வொரு வருடமும் வீட்டில் பேச்சு நடக்கிறது. மாதச் சராசரியை வைத்து முடிவு எடுக்கலாமா? எடுக்கலாம் என்றால் எந்தச் சராசரி? மாநிலமா, மாவட்டமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டரைமணி:

தம்பி, நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மழைமானி பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் விட மனமில்லாமல் வீட்டு முற்றத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் உளுந்துக் கதையைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த 'இயல்பு' என்ற சொல். அது ஒரு பெரிய பெட்டி. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் சராசரியை விட 19 சதவீதம் குறைந்தாலும் இயல்பு, 19 சதவீதம் கூடினாலும் இயல்பு. 20-லிருந்து 59 வரை கூடினால் அதிகம், 60-க்கு மேல் போனால் மிக அதிகம். கீழ்ப்பக்கமும் அப்படியே. அந்தப் பெட்டிக்குள் மாநிலம் முழுவதையும் மூன்று மாதத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கூட்டினால், ஐப்பசி வறட்சியும் மார்கழி வெள்ளமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். 2023-ல் நடந்தது அதுதான். தமிழ்நாட்டுக்கு அக்டோபர் சராசரி ஏறத்தாழ 17 செ.மீ., நவம்பருக்கு 18, டிசம்பருக்கு 9. அந்த வருடம் அக்டோபரில் 10 செ.மீ. பக்கம்தான் பெய்தது. பற்றாக்குறையைக் கடைசி மாதம் அடைத்தது. அதுவும் எப்படி அடைத்தது! டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டு ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை ஏறியது. இரண்டு வாரம் கழித்து நம் பக்கம்.

அந்த 17-ஆம் தேதி ராத்திரியை நான் மறக்கமாட்டேன். புயல் கூட இல்லை, குமரிக் கடல் பக்கம் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவுதான். ஆனால் நகராமல் நின்றது. என் மழைமானியில் உள்ளே இருக்கும் பாட்டில் நிறைந்து வெளி உருளைக்குள் வழிந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, ராத்திரி பதினொரு மணிக்கு, விடியற்காலை நாலு மணிக்கு என்று அளந்து கொட்டினேன். கரண்ட் இல்லை. மருமகள் குடையைப் பிடிக்க, பேரன் டார்ச் அடிக்க, அளவு கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தண்ணீரின் கீழ் வளைவு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பென்சிலால் எழுதினேன். பேனா அந்த ஈரத்தில் நிற்காது. காலையில் கூட்டினேன், கை நடுங்கியது. இரண்டு தடவை கூட்டினேன். பிற்பாடு வந்த அரசுக் கணக்கில் 24 மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் 62 செ.மீ., திருச்செந்தூர் 69, காயல்பட்டினம் 95 செ.மீ. காயல்பட்டினத்தில் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு பெய்யாது. எங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது உங்களுக்கும் நினைவிருக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாநிலச் சராசரி உங்களுக்கு வேண்டாம். அது அரசாங்கத்துக்கு, அணைக்கு, செய்திக்கு. மாவட்டச் சராசரியும் முழுசாக உதவாது. ஒரே தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோரத் திருச்செந்தூரும் உங்கள் விளாத்திகுளமும் இருக்கின்றன. காற்று வீசும் திசை கொஞ்சம் மாறினால் ஒன்றுக்குக் கிடைப்பது இன்னொன்றுக்குக் கிடைக்காது. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மழைமானி எது என்று பாருங்கள். அதன் தினசரிக் கணக்குதான் உங்களுக்குச் சொந்தம்.

அப்புறம் தினசரிக் கணக்கைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அளப்பது காலை 8.30 மணிக்கு. முந்தைய நாள் 8.30-லிருந்து விழுந்ததெல்லாம் அளக்கிற நாளின் தேதியில் ஏறும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரியை உலுக்கியது. ஆனால் அந்த 48 செ.மீ. டிசம்பர் 1 என்ற தேதியில்தான் எழுதப்பட்டது. மாதக் கணக்கில் அது டிசம்பர் மழை! நவம்பர் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தப் புயலே தெரியாது. மாதம் என்பது நாம் போட்ட வேலி, மழைக்கு அது தெரியாது.

நான் சொல்வது, மாத மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மழை நாள் எத்தனை என்று பாருங்கள். ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். அதற்குக் கீழே விழுவது கரிசலில் மேல்தூசியை நனைத்துவிட்டுப் போய்விடும். ஒரு மாதத்தில் 150 மி.மீ. என்றால் அது பத்து நாளில் பெய்ததா, ஒரே ராத்திரியில் பெய்ததா? ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி? உளுந்து எழுபது நாள் பயிர். முப்பத்தைந்தாவது நாளுக்கு அங்கே இங்கே பூவெடுக்கும்போது பதினைந்து நாள் இடைவெளி விழுந்தால், மாத மொத்தம் எவ்வளவு இருந்தும் அந்தப் பூ திரும்ப வராது.

சாத்தூர்_டீச்சர்:

எட்டரைமணி ஐயா சொன்னதற்கு மேல் ஒரு விஷயம் சேர்க்கிறேன். நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். சராசரி நடத்தும்போது பிள்ளைகளிடம் மழையைத்தான் உதாரணமாகப் போடுவேன், ஏனென்றால் மழையில்தான் சராசரி நம்மை அதிகம் ஏமாற்றுகிறது.

பத்து வருடத்தில் ஓர் ஊரின் நவம்பர் மழை இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது நானாகப் போட்ட கணக்கு): 60, 70, 85, 90, 100, 110, 120, 140, 175, 550 மி.மீ. கூட்டினால் 1,500. சராசரி 150. இப்போது எத்தனை வருடம் 150-க்குக் கீழே? எட்டு வருடம். அந்த ஊர் விவசாயி வாழ்நாளெல்லாம் 'சராசரிக்குக் குறைவு' என்றே கேட்டுக்கொண்டிருப்பார், ஒரே ஒரு வெள்ள வருடத்தால். ஐயா சொன்ன பெட்டியைப் போட்டுப் பாருங்கள். 150-க்கு 19 சதவீதம் முன்பின் என்றால் ஏறத்தாழ 122-லிருந்து 178 வரை. பத்தில் இரண்டே வருடம்தான் அதற்குள் வருகிறது. 'இயல்பு' என்பது அங்கே அபூர்வம்.

அதனால் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். பாடப்புத்தகத்தில் இடைநிலை என்று இருக்கும். மேலே சொன்னதில் நடுவில் 100-ம் 110-ம் நிற்கின்றன, ஆக 105. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது கிடைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய மழை அதுதான். விதைப்புக்கு நம்பவேண்டியது 105-ஐ, 150-ஐ அல்ல.

2015-ஐயும் 2016-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். 2015 வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல். சென்னை நுங்கம்பாக்கத்தில் நவம்பர் மாதம் மட்டும் 1,049 மி.மீ., சராசரி அங்கே 400 சொச்சம்தான். அடுத்த வருடமே மாநிலத்துக்கு 168 மி.மீ.தான் கிடைத்தது, 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரிக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். வெள்ளத்தில் வீடு இழந்தவருக்கும் மாட்டை விற்றவருக்கும் அந்தப் பாதியால் என்ன பிரயோசனம்? என் அப்பா 2017-ல் இரண்டு உழவு மாட்டையும் விற்றார். அதனால் இதை வெறும் கணக்காக என்னால் பார்க்க முடிவதில்லை.

கொள்ளிடக்கரை:

எங்கள் பக்கமும் இதே கதைதான். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. அந்த வருடப் பருவமழை மாநிலத்துக்கு 1 சதவீதம் கூடுதல், அதாவது இயல்பு. எங்கள் சம்பா நடவு கழுத்தளவு தண்ணீரில் நின்றது. மாநிலம் முழுமைக்கும் ஒரு பருவத்துக்கு உரிய 44 செ.மீ.யும் சீர்காழியில் ஒரே நாளில் விழுந்த 44 செ.மீ.யும் ஒரே எண் என்பதைக் கவனியுங்கள்.

நான் கேட்க வந்தது வேறு. பழைய சராசரியை இன்னும் வைத்திருப்பதால்தான் இப்படித் தப்புகிறதா? புதிதாக மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எட்டரைமணி:

மாற்றினார்கள், கொள்ளிடக்கரை. இப்போது நாட்டில் புழங்குவது 1971 முதல் 2020 வரை ஐம்பது வருடச் சராசரி. 2022-ல் அறிவித்தார்கள். அதற்கு முன்னால் 1961 முதல் 2010 வரை. தென்மேற்குப் பருவத்துக்கு அகில இந்தியச் சராசரி 88 செ.மீ.யிலிருந்து 87 ஆனது. ஐம்பது வருடம் எடுப்பதால் மெதுவாகத்தான் நகரும், அது நல்லதுதான். இல்லாவிட்டால் ஒரு வெள்ள வருடம் சராசரியையே தூக்கிவிடும். ஒரு கணக்கு சொல்கிறேன். காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாள் மழை 946 மி.மீ. நாளைக்கு அது ஓர் ஐம்பது வருடக் கணக்குக்குள் வரும்போது, அந்த ஒரு நாள் மட்டுமே டிசம்பர் சராசரியை 19 மி.மீ. உயர்த்தும். பிறகு வருகிற ஐம்பது டிசம்பரிலும் அந்த 19 மி.மீ. 'குறைவு' என்று எழுதிக்கொண்டே இருப்போம். டீச்சர் சொன்ன நடு எண்ணை அது அசைக்கவே அசைக்காது. டீச்சர், உங்கள் கணக்கை என் நோட்டிலும் போட்டுப் பார்க்கப் போகிறேன். இத்தனை வருடம் சராசரி மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

நம் பக்கம் இந்தத் தள்ளாட்டம் ஏன் அதிகம் என்றால், தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொள்கிறது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே மாஞ்சோலையில் கொட்டும்போது விளாத்திகுளத்தில் காற்று மட்டும்தான் வீசும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் பிழைப்பு. அந்த மூன்று மாதமும் நம்பியிருப்பது வங்கக் கடலில் உருவாகிற சில தாழ்வு நிலைகளை. ஒன்று குறைந்தால் மாதமே காய்ந்தது. ஒன்று வடக்கே திரும்பினால் ஆந்திராவுக்குப் போனது. ஒன்று நின்றால் வெள்ளம். பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகிற எல் நினோ வருடத்தில் தென்மேற்கு பெரும்பாலும் குறையும், வடகிழக்கு பெரும்பாலும் கூடும். 2015-ம் 2023-ம் எல் நினோ வருடங்கள்தான். ஆனால் அதை வைத்தும் விதைக்க முடியாது. அதற்கு நேர்மாறாக அந்தக் கடல் குளிர்கிற லா நினா வருடத்தில் வடகிழக்கு பெரும்பாலும் குறையும் என்பார்கள், ஆனால் லா நினா என்று சொன்ன 2021-ல் தமிழ்நாட்டுக்கு 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது.

மாதமும் பருவமும் எப்படி வேறு வேறு கதை சொல்லும் என்பதற்கு 2023 தென்மேற்கையும் பாருங்கள். நாடு முழுக்க ஆகஸ்டில் 36 சதவீதம் குறைவு, 1901-லிருந்து பார்த்தால் அதுதான் மிகக் காய்ந்த ஆகஸ்ட். ஜூலையும் செப்டம்பரும் தலா 13 சதவீதம் கூடுதல். பருவக் கணக்கை முடித்தபோது குறைவு வெறும் 6 சதவீதம்.

விளாத்திகுளம்_கரிசல்:

அண்ணாச்சி, டீச்சரம்மா, கொள்ளிடக்கரை அண்ணன், மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

அவர் மில்லிமீட்டர் பேசமாட்டார். 'ஓர் உழவு மழை, ரெண்டு உழவு மழை' என்பார். மழை விட்ட மறுநாள் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று விரலால் பார்ப்பார். அந்த மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை வரவேண்டும், உதிரக்கூடாது. ஒரு மாதத்துக்கு எத்தனை உழவு மழை கிடைத்தது என்று பழைய வருடங்களை அவரால் சொல்ல முடிகிறது. 1992 நவம்பர் வெள்ளம் வரைக்கும் நினைவு இருக்கிறது. இதை எப்படி உங்கள் கணக்கோடு சேர்ப்பது?

எட்டரைமணி:

தம்பி, உங்கள் அப்பாவின் கணக்கு என் கணக்கை விட ஒரு படி மேலே. நான் வானத்திலிருந்து விழுந்ததை அளந்தேன், அவர் மண்ணுக்குள் இறங்கியதை அளக்கிறார். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்.

மழைமானி விலை கொடுத்து வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருக்கிற தகர டப்பா ஒன்று போதும். அகலம் மாறாவிட்டால் டப்பாவுக்குள் நிற்கிற தண்ணீரின் உயரம்தான் மழை அளவு. ஸ்கேலை நேராக விட்டுப் படிக்கலாம். மரமும் கூரையும் இல்லாத இடமாகப் பார்த்து, சாயாமல் நட்டு வையுங்கள். தினமும் 8.30-க்குப் பாருங்கள். மழை இல்லாத நாளில் கட்டாயம் பூஜ்யம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், மழை இல்லையா, பார்க்கவில்லையா என்று அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தவறு அது. மூன்று வாரக் கட்டம் காலியாகக் கிடந்தது, இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் வருத்தமாக இருக்கும்.

பக்கத்துக் கட்டத்தில் அப்பா சொல்வதை எழுதுங்கள்: ஈரம் எத்தனை விரல், உழவு மழையா இல்லையா. ரெண்டு பருவம் போனால் உங்கள் மண்ணுக்கு ஓர் உழவு மழை என்பது எத்தனை மில்லிமீட்டர் என்று தானாக வந்துவிடும். வெடித்த கரிசலுக்கு ஓர் அளவு, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் கரிசலுக்கு வேறு அளவு. அதை எந்தப் புத்தகமும் உங்கள் காட்டுக்கென்று சொல்லாது. ஒரு மி.மீ. மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். 25 மி.மீ. என்றால் ஒரு லட்சம் லிட்டர். அதை நினைத்துப் பார்த்தால் அந்த டப்பாவில் நிற்கும் சின்ன உயரத்தின் மதிப்பு புரியும்.

விதைப்புக்கு மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். பக்கத்து மழைமானியின் இருபது முப்பது வருடக் கணக்குக் கிடைத்தால், அக்டோபர் முதல் ஒவ்வொரு வாரத்திலும் எத்தனை வருடம் 20 மி.மீ. தாண்டியது என்று கோடு போட்டு எண்ணுங்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிக்கென்றே வேலை செய்கிறார்கள். ஒரு நடை போய்க் கேளுங்கள். விதைத்த வாரத்துக்கு அடுத்த ஐந்தாவது வாரத்தில், அதாவது பூவெடுக்கிற சமயத்தில், மழைக்கு வாய்ப்பு எத்தனை என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து விதைக்கிற வாரத்தைப் பிடியுங்கள். எல்லாக் காட்டையும் ஒரே வாரத்தில் விதைக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

சாத்தூர்_டீச்சர்:

தம்பி, அந்த வாரக் கணக்கைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் இங்கேயே சொல்லுங்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். பலர் வீட்டில் மானாவாரிதான்.

விளாத்திகுளம்_கரிசல்:

டீச்சரம்மா, கட்டாயம். திங்கட்கிழமை கோவில்பட்டி போகிறேன், கணக்குக் கிடைத்தால் படம் எடுத்துப் போடுகிறேன்.

இந்த வருடத்துக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டோம். இரண்டு ஏக்கரில் புரட்டாசி மழைக்கு உளுந்து, இரண்டு ஏக்கரில் பதினைந்து நாள் தள்ளி இன்னொரு விதைப்பு, மீதியில் கம்பு. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, ஆள் கூலி இரண்டு தடவை ஆகும் என்றார். அந்தப் பத்து வருடக் கணக்கை மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். 550-ஐ விரலால் அழித்துவிட்டு, 'இது போக மிச்சத்தைப் பாரு' என்றார் அவரே.

டப்பா கிடைத்துவிட்டது. பால் பவுடர் வந்த பெரிய டப்பா, அடிவரை ஒரே அகலம். களத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்தோம். இன்று காலை 8.30-க்கு முதல் பக்கத்தில் பூஜ்யம் எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் அப்பா சொன்னது: ஈரம் இல்லை, வெடிப்பு நாலு விரல்.